உப்புப் பார்த்த நாக்கு

“துப்புங்கக்கா, துப்புங்க! சாக்கடை கலந்த மண்ணு!”

லாமியா அப்படி அலறியது முதல் லாரி வந்தபோதா, இரண்டாவது வந்தபோதா என்று அங்கே மண் வெட்டிக்கொண்டிருந்த எனக்கு இப்போது உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. எங்களோடு மண் சுமந்த பாண்டியம்மாள் துப்பவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, லாரி கொட்டிய ஈர வண்டல்மேல் ஏறி நின்றிருந்தாள். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கால் மாற்றி நின்றாள்.

“கரிக்குது தாயி. செடிக்கு ஆகாது. நடைபாதைக்கு அடியில போட்ருங்க.”

லாமியா கீழக்கரைப் பெண். இன்ஜினீயராக இதுதான் முதல் வேலை. ராமநாதபுரம் நகருக்குள் தூர்ந்து கிடந்த ஊருணியைத் தோண்டி, அந்த மண்ணாலேயே கரை எழுப்பி மரம் வைக்க வேண்டும். முதலில் வைத்த நாற்பது கன்றுகளும் உப்பில் கருகிவிட்டன. இன்னொரு தடவை கருகினால் வேலை அவள் கையைவிட்டுப் போய்விடும். மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினால் முடிவு வரப் பத்து நாள். மழை அதுவரை காத்திருக்காது.

“வாலிநோக்கம் உப்பளத்துல இருபது வருசம் கெடந்தவ நான். உப்பு எனக்குத் தெரியாதா?” என்றாள் பாண்டியம்மாள்.

லாமியா துணிந்துவிட்டாள். லாரிக்கு லாரி பாண்டியம்மாள் சொன்னதுதான் தீர்ப்பு.

“என்னக்கா, இன்னைக்கு ரசமா, மோர்க்கொழம்பா?” என்பான் லாரி ஓட்டும் தங்கப்பாண்டி.

“ஏலே, ஒன் வீட்டுக் கஞ்சிக்கு இது தேவலை. வண்டிய எடு!”

செருப்போடு அவள் ஒருநாளும் மண்ணில் ஏறியதில்லை. ‘மண்ணுக்கு எவ்வளவு மரியாதை!’ என்று நெகிழ்ந்துபோன லாமியா, தானும் செருப்பைக் கழற்றிவிட்டே ஏறத் தொடங்கினாள்.

மழை பெய்தது. ஊருணி நிறைந்தது. வைத்த அறுபது மகிழங்கன்றுகளும் துளிர்த்தன. ஒன்றுகூடச் சாகவில்லை.

அன்று லாமியா ஒரு தூக்குவாளியோடு வந்தாள். “பாயசம். நானே வெச்சது!”

தங்கப்பாண்டி ஒரு வாய் குடித்துவிட்டுத் தண்ணீர்க்குழாயைப் பார்த்து ஓடினான். லாமியா ஒரு சொட்டு நக்கிப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டாள். பாண்டியம்மாள் முழு டம்ளரையும் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று நீட்டினாள்.

“அக்கா! சீனின்னு நெனைச்சு தூளுப்பப் போட்டுட்டேன்கா!”

பாண்டியம்மாள் டம்ளரைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

“கொரோனாவுல போன ருசி தாயி, இன்னும் திரும்பல.”

“அப்ப... மண்ணு?”

பாண்டியம்மாள் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். உப்பளத்தில் பாளம்பாளமாக வெடித்த குதிகால்.

“உப்பு மண்ணுன்னா இங்கன சுள்ளுனு எரியும். காலு சொல்லுதுன்னா படிச்ச புள்ள நம்புவீகளா? அதான், நாக்குல வெச்சுக் காட்டுனேன்.”

லாமியாவுக்கு வேலை நிரந்தரமானது. தங்கப்பாண்டி இப்போதெல்லாம் பாயசத்தை விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறான். பாண்டியம்மாளுக்கு அந்தக் கரையிலேயே காவல் வேலை. நல்ல மண்ணில் ஒரு வருடம் நடந்ததில் வெடிப்பெல்லாம் ஆறிவிட்டது, அதனால் அடுத்த ஊருணியின் மண்ணைப் பரிசோதனைக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.