முழந்தாளிட்டவர்

காலை ஜெபம் முடிந்து சகோதரர்கள் எல்லாரும் எழுந்து போகிறார்கள். மடத்தின் தச்சுவேலை பார்க்கும் சகோதரர் மட்டும் கடைசி வரிசையில் முழந்தாளிட்டபடியே இருக்கிறார். வலது முழங்கால் பூட்டிக்கொண்டுவிட்டது. வண்ணக் கண்ணாடியின் சிவப்பு அவர் வழுக்கையில் விழுந்து கிடப்பதால், பார்க்கிறவர்களுக்குப் பரவசம் போலத்தான் தெரியும். மடத்துத் தலைவர் விருந்தாளிச் சாமியாரோடு பக்கத்தில் வந்து நின்று, ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு பிரசங்கக் குரலில் சொல்கிறார்: "பாருங்க ஃபாதர், மத்தவங்க சாப்பாட்டுக்குப் பறக்குறாங்க. இவருக்கு ஆண்டவர்கிட்ட பேசி முடியவே மாட்டேங்குது." ஆண்டவரோடு பேசிப் பதினோரு வருஷமாகிறது. அந்தப் பக்கம் ஆள் இருப்பதாகவே தச்சருக்குத் தோன்றுவதில்லை. இன்று அதைத் தலைவரிடம் சொல்லிவிடுவது என்று நேற்றே முடிவு கட்டியிருந்தார். "உங்ககிட்ட ஒரு விஷயம்..." என்று ஆரம்பிப்பதற்குள் தலைவர் அவர் தோளைத் தட்டுகிறார். "ஜெபத்தை விட்டுட்டு எதுக்கு என்கிட்ட பேசிக்கிட்டு? இங்க எல்லாரும் உங்களை நம்பித்தான் வண்டி ஓட்டிக்கிட்டிருக்கோம், பிரதர்." தியானம் கலைந்துவிடக் கூடாதென்று விளக்கையும் விசிறியையும் நிறுத்திவிட்டுக் கதவைப் பூப்போலச் சாத்திக்கொண்டு போகிறார்.

தூரத்துச் சாப்பாட்டறையில் தட்டுகள் மோதிக்கொள்கின்றன; யாரோ வாய்விட்டுச் சிரிக்கிறார். தச்சர் முன்பெஞ்சைப் பிடித்து எழப் பார்க்கிறார். போன வாரம் அவரே ஆணியடித்த பெஞ்சு, அது ஆடுகிறது. கதவைப் பார்த்து, "யாராவது இருக்கீங்களா?" என்கிறார். கேட்டதுதான் கேட்டாயிற்று என்று, முகத்தைப் பீடத்துப் பக்கம் திருப்பி இன்னொரு தடவையும் கேட்கிறார். பதிலுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருக்கிறார். அப்புறம், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், கூப்பிக்கொள்கிறார்.