வரவேற்பு விளக்கு

"எவன்டா வாசல்ல விளக்கு கட்டினது? கட்டினவன் கொலைகாரன்!" என்று சாணிவண்டு கத்தியது.

குன்றின் மேல் நட்சத்திரம் பார்ப்போர் மாநாடு. நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டு வந்த கிழக்குக் காட்டு விட்டில்கள், வரவேற்பு விளக்கைச் சுற்றிச் சுற்றிக் கருகிக் கிடந்தன. "நம்பி வாங்க" என்று கூடு கூடாகப் போய் அழைத்தது வண்டுதான்.

"பொறுங்க வண்டாரே," என்றது தலைவர் ஆந்தை. "முதல் தீர்மானமே இரங்கல் தீர்மானம்தான்."

"அதைப் படிக்க வெளிச்சம் வேணுமே," என்றது செயலாளர் வௌவால்.

வண்டு அண்ணாந்து பார்த்தது. விளக்கு வெளிச்சத்தில் ஒரு நட்சத்திரம்கூடத் தெரியவில்லை. மேற்கே சிறகுச் சத்தம் கேட்டது.

"அடுத்த கூட்டம் வந்துட்டிருக்குய்யா! கட்டினவன் எவனா இருந்தாலும் சரி, முதல்ல வந்து அந்த விளக்கை அணைச்சுத் தொலைடா!"