பழைய கேபிள்

“பழைய கேபிளு மரத்துக்குள்ளயே கெடக்கட்டும்னு சொல்லுதேன்லா. புதுச வெளியோட கட்டிக் கொண்டா, பிலோமி.”

“வெளியோட கட்டுனா ஒரு காத்துக்குத் தாங்காது அண்ணாச்சி. உள்ளதான் போவணும்.”

அவள் பாய்மரத்தின் உச்சியில், பலகை ஊஞ்சலில் தொங்கிக்கொண்டிருந்தாள். கயிற்றின் மறுமுனை கீழே தளத்தில், படகு முதலாளியின் கையில் இருந்தது.

துருப்பிடித்த ரேடியோ ஆன்டெனாவைக் கழற்றியாயிற்று. இனி கேபிள்.

மரத்தின் அடியில், பழைய கேபிளின் முனையில் புதியதை முடிந்துவிட்டுத்தான் ஏறியிருந்தாள். மேலிருந்து பழையதை இழுத்தால், புதியது அதன் பின்னாலேயே ஏறி வரும். எல்லாப் படகிலும் அப்படித்தான்.

நாளை சோதனைக்கு அதிகாரிகள் வருகிறார்கள். ரேடியோ பேச வேண்டும். தூத்துக்குடியில் இந்த உயரத்துக்கு ஏறி வேலை செய்ய வேறு ஆள் கிடைக்கவில்லை.

முதலாளி அதைச் சொல்லவில்லை.

“ஒம் புருசன் செஞ்ச காரியத்துக்கு, வேற எவனாவது ஒன்னய படகுல ஏத்துவானா?” என்றுதான் காலையில் சொன்னார்.

அந்தக் காரியம் இதுதான். இதே படகில், நடுக்கடலில், காற்றில் சுழன்ற பாய்க்கட்டை தலையில் அடித்து ஒரு பயணி ரத்தம் வழியக் கிடந்தார். படகை ஓட்டிய அவள் கணவன் கஸ்பார் ரேடியோவில் கரையைக் கூப்பிடவில்லை. பயந்து உட்கார்ந்துவிட்டான். பயணி இறந்துபோனார்.

விசாரணையில் முதலாளி அப்படிச் சொன்னார். கரையில் யாருக்கும் எந்தக் குரலும் கேட்டிருக்கவில்லை. எனவே அது உண்மையாயிற்று.

ரேடியோவில் பேசும்போது எரியும் சிவப்பு விளக்கு எரிந்தது, தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன் என்றான் கஸ்பார். ஒருவரும் நம்பவில்லை. இப்போது உப்பளத்தில் காவல் இருக்கிறான். கடலுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறான்.

அவளும் ஒரு முறை கேட்டிருக்கிறாள்.

நெசமாவே கூப்பிட்டியளா?

அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அவள் கேபிளை இழுத்தாள்.

எடையே இல்லை.

வந்துவிட்டது. அவள் கை நீளம்கூட இல்லை. அதன் பின்னால் எதுவும் வரவில்லை.

கத்தியால் வெட்டிய முனை. கறுப்பு டேப் சுற்றி, மரத்துக்குள் திணித்திருக்கிறார்கள். டேப்பின் மேல், வெள்ளைப் பெயின்ட்டில், ஒரு பெருவிரலின் தடம்.

இந்த மரத்தைக் கழற்றிப் படுக்கவைத்துப் பெயின்ட் அடித்தது விபத்துக்கு முந்தைய மாதம். அப்புறம் யாரும் அதைத் தொடவில்லை. அன்று வெட்டிய கேபிளைத் திரும்ப இணைக்காமலே மரத்தை நிறுத்தியிருக்கிறார்கள்.

கஸ்பாரின் குரல் இந்த மரத்துக்குள் வந்திருக்கிறது. பாதி வழியில் பாதை இல்லை. அங்கேயே, இருட்டில், திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிறது.

“என்னது அது?”

அவள் கேபிளைத் தூக்கிக் காட்டினாள்.

“எலி கடிச்சிருக்கும்.”

“எந்த ஊரு எலி அண்ணாச்சி டேப் சுத்தும்?”

அவர் அண்ணாந்து பார்ப்பதை நிறுத்தினார். தன் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார்.

அவருக்குத் தெரியும். அன்று விசாரணையிலும் தெரிந்திருந்தது.

அவளுடைய காது மடல்கள் சுட்டன. இவரிடம்தான் காலையில் கும்பிடு போட்டாள். பெரிய மனசு என்றுகூடச் சொன்னாள்.

“எறக்குதேன். மொதல்ல கீழ வா. பேசிக்கிடுவோம்.”

பலகை சற்று இறங்கியது.

அவள் இரண்டு கால்களாலும் மரத்தைப் பின்னிக்கொண்டாள். பலகை நின்றது. கயிறு தளர்ந்து ஆடியது.

கீழே போனால் பேசிக்கொள்வார்கள். கீழே கதவு இருக்கிறது, சாத்தலாம். காபி வரும். கேபிளை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பொம்பளை கத்துகிறாள் என்பார்கள்.

இங்கே கதவு கிடையாது.

பக்கத்துப் படகுகளில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஐஸ் வண்டிக்காரர் இன்ஜினை அணைத்தார்.

“ஏ, கால எடு பிள்ள! ஊரே பாக்குது!”

“பாக்கட்டும்.”

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. காற்று அதை எடுத்துக்கொண்டு துறைமுகம் முழுக்கப் போயிற்று.

“அன்னைக்கு விசாரணையில எம்புட்டு சத்தமா சொன்னிய. அதே சத்தத்துல இப்பச் சொல்லுங்க அண்ணாச்சி. எம் புருசன் கூப்பிட்டாருன்னு.”