பூஜையில் வைத்த சாவி

விடுமுறை நாளில் யாருக்கும் தொந்தரவிருக்காது என்று, ஆயுத பூஜையன்று மருத்துவமனையின் ஸ்கேன் படங்களை வைத்திருந்த பழைய கணினிச் சேமிப்பகத்தைக் கழற்றியாயிற்று. அதன் இடத்தில் வந்த புதியது ஒவ்வொரு ஸ்கேனையும் மூன்று கணினிப் பெட்டிகளில் மூன்று பிரதியாக வைத்திருக்கும். ஒரு பெட்டி எரிந்தாலும் எதுவும் தொலையாது. அதை மருத்துவர்கள் ஸ்கேன் பார்க்கும் மெய்நிகர் கணினிகளோடு இணைக்க, கடவுச்சொல்போல் வேண்டியிருந்த சாவிக் கோப்பு மட்டும் ஒரே ஒரு மடிக்கணினியில் இருந்தது. மேலாளர் குற்றாலிங்கம் காலையிலேயே தன்னுடைய அந்த மடிக்கணினிக்குச் சந்தனப் பொட்டிட்டு, சரஸ்வதி படத்தின் முன்னால் வைத்துவிட்டார். புதியதை நிறுவிக்கொண்டிருந்த ஜெசிந்தா எதைத் தட்டினாலும் திரை ‘அனுமதி இல்லை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

“சார், அஞ்சு நிமிஷம் அந்த லேப்டாப்ப எடுத்துக்கறேன்.”

“பூஜையில வச்சத தொடக்கூடாதும்மா. நாளைக்குக் காலைல எடுத்துக்கலாம்.”

“ஆபரேஷன் தியேட்டர்லேர்ந்து ஸ்கேன் கேக்கறாங்க சார். அங்க யாரும் கத்திய பூஜையில வைக்கல.”

அவர் பொரி அள்ளப் போனார். தொலைபேசி மறுபடியும் அடித்தது. ஜெசிந்தா செருப்பைக் கழற்றினாள். எந்தச் சாமியிடம் கேட்பதென்று தெரியாமல் சிலுவை போட்டுக்கொண்டு, பூவை விலக்கி, ஈரம் காயாத சந்தனத்தின் மேல் கைவைத்து மூடியைத் திறந்தாள்.

நிமிர்ந்தபோது வாசலில் குற்றாலிங்கம் பொரித் தட்டோடு நின்றிருந்தார். மடிக்கணினி அவருடைய கைரேகையைக் கேட்டது.