வீட்டு இலை

வெயிலில் வைத்த குடுவையில் நீலச் சாயம் லேசாக வெளுத்திருந்தது. போகவில்லை.

"கொய்யாவும் இல்லண்ணா," என்றாள் சௌம்யா. "உங்க ஊட்டுல இன்னும் எவ்ளோ இலைதான் கீது? ஆட்டுக்குக்கூட இவ்ளோ வகை கெடைக்காது."

ஜெர்வின் சிரிக்க முயன்றான்.

வேலப்பன்சாவடிக் கல்லூரியின் மொட்டை மாடி. அவன் மனைவி ஹெலினாவும் சௌம்யாவும் இங்கேதான் ஆராய்ச்சி செய்தார்கள். இலையைக் கொதிக்கவைத்த சாற்றில் துத்தநாக உப்பைக் கலந்து, உலையில் சுட்டு, மிக நுண்ணிய வெள்ளைப் பொடி எடுப்பார்கள். பொடியைச் சாயத் தண்ணீரில் போட்டு வெயிலில் வைத்தால் சாயம் சிதைய வேண்டும்.

ஹெலினா கடைசியாகச் செய்த பொடியில் நீலம் சுத்தமாகப் போயிற்று.

என்ன இலை என்று சௌம்யா கேட்டதற்கு, "எங்க ஊட்டு இலைடி. இன்னொரு தபா வரட்டும், சொல்றேன்," என்றாளாம்.

இன்னொரு தபாவுக்கு முன் டெங்கு அவளைக் கொண்டுபோய்விட்டது.

அந்தப் பொடியை மறுபடி செய்து காட்டினால்தான் கட்டுரையில் ஹெலினாவின் பெயர் வரும். அதனால் சனிக்கிழமைதோறும் ஜெர்வின் சேக்காட்டிலிருந்து ஒரு பை இலை கொண்டுவந்தான். முருங்கை. கற்பூரவல்லி. கறிவேப்பிலை. போன வாரம் கொய்யா.

குடுவை வெயிலில் காயும் நேரத்தில் சௌம்யா தேநீர் ஊற்றுவாள். ஹெலினாவைப் பற்றிப் பேசுவாள். ஆய்வக அடுப்பில் சமோசா சூடுபண்ணி மாட்டிக்கொண்டது. கைடு சாரைப் போலவே இருமிக் காட்டியது.

ஜெர்வின் தேநீரை ஆறவிட்டுக் கேட்பான். உறவுக்காரர்கள் அவன் எதிரில் அந்தப் பெயரைச் சொல்வதை நிறுத்தியிருந்தார்கள்.

இன்று சௌம்யா பிளாஸ்க்கைத் திறக்கவில்லை.

"சார் இதோட வுட்டுடச் சொல்ட்டாருண்ணா. மாசக் கடைசில பேப்பர் போவுது. புது இலை எதுவும் வாணாமாம். அவ பேரு…"

அவள் குடுவையை நிழலுக்கு நகர்த்தினாள்.

ஜெர்வின் கையிலிருந்த பையைப் பார்த்தான். செம்பருத்தி இலை.

கீழே நெடுஞ்சாலையில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துப் போயிற்று.

"நித்தியகல்யாணி," என்றான்.

"இன்னாது?"

"அந்த இலை. ரோஸ் கலர்ல பூக்குமே."

"அண்ணா! நெஜமாவா?" சௌம்யா எழுந்தே விட்டாள். "எப்பண்ணா ஞாபகம் வந்துச்சு?"

"இப்பதான்."

அவள் போனைக் காதில் வைத்தபடி படியிறங்கி ஓடினாள். "சார், ஹெலினா இலை கெடச்சிடுச்சு சார்! ஆமா சார், ஹெலினாதான் சார்!"

ஒவ்வொரு மாடியாக அந்தப் பெயர் கீழே இறங்கியது. பிறகு கேட்கவில்லை.

ஹெலினா அந்த இலையைக் கல்லூரிக்குக் கொண்டுபோன காலையில் அவள் கையெல்லாம் இட்லி மாவு. அவள் சமையலறையிலிருந்து சொல்லச் சொல்ல, இலைகளைப் பறித்து அவள் பையில் போட்டவன் ஜெர்வின்தான்.

செடி வாசற்படியை ஒட்டி நிற்கிறது. சனிக்கிழமைதோறும் வேறு இலை பறிக்க அவன் அதைத் தாண்டித்தான் போனான்.