ஏழாவது பாய்

காவலர் தேர்வுக்காகத் திண்டிவனம் செம்மண் மைதானத்தில் தினமும் காலையில் ஆறு பெண்கள் ஓடுகிறார்கள். நாலு சுற்று முடிந்ததும் பாய் விரித்து, கண்ணை மூடிப் பத்து நிமிடம் தியானத்தில் உட்காருவார்கள். அவர்களில் ஒருத்தியான அமல்ராணி ஏழாவதாக ஒரு பாயும் விரிப்பாள். அது முன்பு அவர்களோடு ஓடிய ரோஜாவுக்கு.

ரோஜா விக்கிரவாண்டியில் தன் வீட்டில் படுத்திருக்கிறாள். பைக்கிலிருந்து விழுந்து நாலு மாதமாகக் கால்களில் உணர்ச்சி இல்லை. அது திரும்பினால் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஓடுவதற்கு முன் அமல்ராணி போன் செய்வாள். "கிளம்பிட்டோம், நீயும் ஓடிக்கினு வா. ஏமாத்தாதடீ, எண்ணிக்கினு இருப்பேன்."

ரோஜா கண்ணை மூடி மனசுக்குள் நாலு சுற்றும் ஓடுவாள். அம்மா அம்சவள்ளி அவள் கால்களை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுப்பாள்.

ஒருநாள் போர்வையை விலக்கியபோது இரண்டு உள்ளங்காலிலும் செம்மண் ஒட்டியிருந்தது. வீட்டுத் தரை சிமென்ட். மறுநாளும் இருந்தது. அம்மா யாரிடமும் சொல்லவில்லை. தினமும் ஈரத்துணியால் துடைத்து, சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வேலைக்குப் போனாள்.

திண்டிவனத்தில் மழை பெய்த மறுநாள் பாதமெல்லாம் சேறு. அம்மா அழுத்தித் துடைத்தாள்.

"எங்கடீ போய் மிதிச்ச?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டாள்.

ரோஜா கண்ணைத் திறக்கவில்லை. அவளுக்கு மூச்சு வாங்கியது.

"இன்னும் ஒரு ரவுண்டு இருக்கும்மா. அப்புறமா தொடச்சிக்கலாம், கூசுது."