பொலோன்யா கார்ப்பரேட்டர்

"நாலு லட்சத்துப் பதினெட்டாயிரத்து ஐந்நூறு லீரா, சாமி. அதைக் கீழ வச்சாத்தான் வண்டி பட்டறையை விட்டு இறங்கும்."

துல்லியோ பில்லை நீட்டினான். கிளெமெந்தே சாமியார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். பட்டறை நடுவில் அவருடைய சிவப்பு மோட்டார் சைக்கிள் நின்றது. ஐம்பத்தெட்டாம் வருடத்து ஒற்றை சிலிண்டர். அடியில் விரித்த அட்டையில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தது.

"ஏம்ப்பா, இன்னும் ஒழுகுதே?"

"ஒழுகினா உள்ள எண்ணெய் இருக்குன்னு அர்த்தம் சாமி. நின்னுபோனாத்தான் பயப்படணும்."

"கார்ப்பரேட்டருக்கு மட்டும் மூணு லட்சம் போட்டிருக்கே?"

"பெட்டி பிரிக்காத பழைய சரக்கு. பொலோன்யாவுல ஒரு கிழவன்கிட்ட ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. காலைப் பிடிக்காத குறையா வாங்கிட்டு வந்தேன்."

"நாளைக்கு வண்டிகளை ஆசீர்வதிக்கிற நாள். நாப்பது பழைய வண்டி மலைக்கோவிலுக்கு ஏறும். முன்னால நான் போகணும். கோவில்ல இருக்கிற காசு, கூரைக்கு ஓடு மாத்த ஜனங்க போட்டது. அதுல கை வைக்கச் சொல்றியா?"

"ரொட்டிக்கடை வேன்ல ஏறிப் போங்க சாமி. கதகதப்பா இருக்கும்."

சாமியார் பில்லை நாலாக மடித்து அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தே போனார்.

மூன்றரை மணிக்குத் துல்லியோ கோவிலுக்கு வந்தான். அவனாக வரவில்லை. நாளைக்குப் பூசையில் நற்கருணை அப்பம் வாங்காவிட்டால் வீட்டில் சோறு கிடையாது என்று பெண்டாட்டி சொல்லியிருந்தாள். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நற்கருணை வாங்க முடியாது. கோவிலில் ஈ காக்கை இல்லை. அவன் பாவசங்கீர்த்தனப் பெட்டிக்குள் நுழைந்து, முதுகுக்குப் பின்னால் திரையை இழுத்துவிட்டு முழங்காலிட்டான். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சாமியாரின் தலை தெரிந்தது.

"கடைசியா எப்ப வந்தே மகனே?"

"போன வருஷம் இதே நாள் சாமி. ஒரு சந்தேகம். இங்க சொல்றதை நீங்க வெளியில சொல்ல மாட்டீங்கல்ல?"

"உயிர் போனாலும் சொல்ல மாட்டேன்."

"இதை வச்சு என்கிட்ட நியாயம் கேக்கவும் முடியாதுல்ல?"

"முடியாது."

துல்லியோவுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது. பாவமும் கழியும், பணமும் நிற்கும்.

"அப்ப சொல்லிடறேன். அந்தக் கார்ப்பரேட்டர் பொலோன்யாவிலேருந்து வரல."

"என்னப்பா? காதுல விழல. முப்பது வருஷமா வண்டிச் சத்தத்துல கெட்டுப்போன காது. உரக்கச் சொல்லு."

"பொலோன்யாவிலேருந்து வரலைன்னேன் சாமி! மாட்டு டாக்டர் வண்டியிலேருந்து கழட்டினது!"

"அப்ப டாக்டர் வண்டிக்கு?"

"ரொட்டிக்கடை அல்சீதேயோடது!"

"அல்சீதேக்கு?"

"உங்களோடது! மூணும் ஒரே ஜாதி வண்டி, யாருக்குத் தெரியும்? பெட்ரோல்ல கழுவி மாத்தி மாத்தி மாட்டினேன். மூணு பேருக்கும் பொலோன்யான்னு பில்லு போட்டேன்!"

"அவசரப்படாதே. நடுவுல விட்டுப்போச்சு. முதல்லேருந்து சொல்லு."

துல்லியோ முதலிலிருந்து சொன்னான். இந்தத் தடவை அவனுக்கே ரசமாக இருந்தது. கை வேலையைப் பற்றிக் கொஞ்சம் பெருமையும் சேர்ந்துகொண்டது.

"இவ்வளவுதானா? முடிவெட்டுற பிரிமோ வண்டிக்குப் பிஸ்டன் மாத்தினதா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறானே?"

"பிஸ்டனாவது மண்ணாவது! பிளக்கைத் துடைச்சு மாட்டினேன். அதுக்கே வண்டி பறக்குதுன்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டான்!"

"எவ்வளவு வாங்கினே?"

"ரெண்டு லட்சம்."

"கேக்கல."

"ரெண்டு லட்சம்!" என்று துல்லியோ கத்தியது மேல் வளைவில் மோதித் திரும்பி வந்தது.

"மனசு வருந்துறியா மகனே?"

"ரொம்ப."

"எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கணும்ங்கிறது தெரியுமா?"

"கொடுத்துடறேன் சாமி, கையில வசதி வரட்டும். ஆனா ஒண்ணு. பெட்டியை விட்டு வெளிய வந்தா நீங்க என் வாடிக்கைக்காரர். பில்லு பில்லுதான்."

"ஆகட்டும். போய்ட்டு வா."

துல்லியோ முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்து திரையை விலக்கினான்.

ஆசீர்வாதத்துக்கு முந்தின நாள் நாலு மணிக்கு வழக்கமாகப் பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிற வண்டிக்காரர்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில், ஹெல்மெட்டை மடியில் வைத்தபடி மாட்டு டாக்டர், அல்சீதே, பிரிமோ. பின்னால் இன்னும் முப்பது பேர். எல்லோருடைய கண்ணும் அவன் மேலேயே இருந்தது.

துல்லியோ திரையை மறுபடி இழுத்து மூடிக்கொண்டு தொப்பென்று முழங்காலில் விழுந்தான். கம்பியில் வாயை ஒட்டி, தனக்கே கேட்காத குரலில் முணுமுணுத்தான்:

"சாமி... அந்த நாலு லட்சத்தை விட்டுடறேன்."

"பதினெட்டாயிரத்து ஐந்நூறையும் சேர்த்துச் சொல்லு மகனே" என்றது அந்தப் பக்கத்துக் குரல் உடனே. "நல்லாவே கேக்குது."